நாற்பத்திரண்டில் ஒன்றரை மணி நேரம்

அந்த ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்ப்பவளை எல்லோரும் அக்கா என்றார்கள். அதற்கு மேல் யாரும் அவளோடு பேசியதில்லை. அவளோ, பாவம், செல்களிடம் பேசுவாள். "நேத்து ஊத்தினதெல்லாம் காலியா? வயிறா அது?"

செல்கள் இருப்பது ஒரு சூட்டுப் பெட்டியில். நம் உடம்புச் சூடுதான், முப்பத்தேழு டிகிரி. மாதம் ஒருமுறை பெட்டியைத் துடைத்து, ஈரம் உலர நாற்பத்திரண்டுக்கு ஏற்றுவாள். பிறகு சூட்டை இறக்கிவிட்டுச் செல்கள் இருக்கும் தட்டுகளை வைக்க வேண்டும். அன்று இறக்கப் போன நேரத்தில் மகன் கூப்பிட்டான். ஐந்து மாதம் கழித்து வந்த அழைப்பு, விடுவாளா? ஒரு கையில் போன், மறு கையில் தட்டுகள். வைத்தாள், மூடினாள்.

மகன் பத்தே நிமிடத்தில் வைத்துவிட்டான். மீதி நேரமெல்லாம் அவள் போனைப் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றாள். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

திரும்பி வந்து பெட்டியின் எண்ணைப் பார்த்தாள், இன்னும் நாற்பத்திரண்டு. இறக்கினாள். செல்கள் உயிரோடுதான் இருந்தன. யாரிடமும் மூச்சு விடாமல், மாலையில் அவற்றின் மேல் சோதனைக்கு வந்த புது மருந்தை ஊற்றினாள்.

மூன்றாம் நாள் மேலதிகாரி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒண்ணுகூட சாகலயேக்கா. மருந்து வேஸ்ட். லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்."

அக்காவுக்குக் காரணம் தெரியும். சூடு பட்ட செல் அவசர அவசரமாகச் சில புரதங்களைச் செய்துகொள்ளும். குலைந்துபோகிற மற்ற புரதங்களை அவை தாங்கி நிமிர்த்தும். அந்தத் தெம்பில் செல் மருந்தையும் சமாளித்துவிடும். சொன்னால் வேலை போகலாம். போனால் வாய் திறந்து பேச அவளுக்கு இந்தச் செல்கள்கூடக் கிடையாது. சொல்லாவிட்டால், யாரையோ பிழைக்க வைக்கக்கூடிய மருந்து குப்பைக்குப் போகும்.

"மருந்து மேல தப்பில்ல மேடம். நான்தான் சூடு வெச்சுட்டேன். நாப்பத்திரண்டு. ஒன்றரை மணி நேரம்."

"மூணு நாளா வாய்ல பிளாஸ்திரி ஒட்டியிருந்தீங்களா?"

"பயந்துட்டேன்."

"அவ்ளோ நேரம் எங்க போனீங்க?"

"எங்கயும் போகல மேடம். இங்கதான் நின்னேன்."

மேலதிகாரி மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

"திரும்பச் செய்ங்க. ஒரு தட்டை வேணும்னே சூடாக்குங்க, ஒண்ணை அப்படியே விடுங்க."

மறுவாரம், மருந்து ஊற்றியும் சூடாக்கிய தட்டில் செல்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சூடு படாத தட்டில் எல்லாம் செத்துச் சுருண்டு மிதந்தன.

"நல்ல வேளை சொன்னீங்க," என்று சொல்லி மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பட்டியலில் மருந்தின் பெயர் மேல் போட்டிருந்த பென்சில் கோட்டை அக்கா அழித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.