கடல்குதிரையின் கண்

இந்தியத் துணைக்கண்டத்தில், கடலுக்கடியில் வாழும் சிறு பிராணிகளை உயிரோடு படம் எடுக்கத் தகுதி பெற்ற ஒரே மனிதன் நான். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. மதுரையில் கடல் கிடையாது, எனக்கு நீச்சலும் தெரியாது. இரண்டையும் யோசித்துப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன்.

1981. விலங்கியல் கடைசி வருஷம். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்துக்குப் படம் எடுக்க ஆள் வேண்டுமாம். உயிருள்ள கடல் பிராணி ஒன்றின் நெருக்கமான படத்தோடு மார்ச் முப்பத்தொன்றுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எனக்குப் பெரியப்பாவின் சாயப்பட்டறை. அங்கே போன என் அண்ணன்மார் இருவருக்கும் முழங்கை வரை ஊதா. சோறு பிசையும்போது பார்க்கச் சகிக்காது.

கேமரா, சிம்மக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருந்த காசிமாயன் அண்ணனுடையது. காலேஜ் விட்டால் நான் அங்கேதான். கல்யாணத்தைவிட அவருக்குச் சாவில்தான் கிராக்கி. செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைத் துண்டால் கட்டி, முடிச்சை மாலைக்குள் மறைத்து எடுப்பார். பிறகு பிரிண்டில், மூடிய இமைமேல் மெல்லிய பிரஷ்ஷால் முழி வரைவார். முழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் உசுராம்.

“அண்ணே, ஒங்க ஆளுங்க ஆடவே மாட்டாங்க. ஒலகத்துலயே பொறுமையான கஸ்டமர்” என்பேன்.

“ஒன் மீனு மட்டும் நில்லுன்னா நிக்குமாக்கும்?”

“நிக்காதுண்ணே. உசுரோட இருக்குல்ல.”

பிப்ரவரியில் கோச்சடையிலிருந்து மாயக்காள் என்ற பெண் படம் வாங்க வந்தாள். காய்ச்சலில் போன நாலு வயதுப் பையன். அவனுக்கு வேறு படமே கிடையாது. வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“முழிச்சுத்தான் இருக்கான்ணே. என்னையத்தான் பாக்குறான்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். உண்மைக்கென்றே பிறந்தவன் ஆயிற்றே.

“அது இங்க்குல வரைஞ்ச கண்ணுதான்க்கா” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. படத்தைக் கவிழ்த்து மார்போடு வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

காசிமாயன் அண்ணன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “இம்புட்டுப் படிச்சிருக்க. வாய மூட ஒருத்தனும் சொல்லித் தரலையாடா?” பிரஷ்ஷை உதறி வைத்துவிட்டு, “கேமராவ எடுத்துக்க. உசுரோட எடுத்துட்டு வா, பாப்போம்.”

மார்ச் கடைசியில் மண்டபத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைக் கடலில் பாதி அமுக்கி, அதற்குள் கேமராவை வைத்து எடுப்பது என் கண்டுபிடிப்பு. மீன் வெளியே, கேமரா உள்ளே. பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடல்குதிரை நின்றது. முகம் குதிரை, வால் குரங்கு. ஒரு கண் என்னைப் பார்த்தது, மறு கண் ராமேஸ்வரத்தைப் பார்த்தது. முப்பத்தாறு தடவை பட்டனை அமுக்கினேன். முப்பத்தாறு தடவையும் அலை தொட்டியைத் தூக்கியது.

எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். பஸ்ஸில் தண்ணீர் சிந்தக் கூடாதே என்று மூடியை இறுக்கித் திருகினேன். பரமக்குடி வரை வால் அசைந்தது. மதுரையில் இறங்கும்போது அசையவில்லை.

பிலிமைக் கழுவினால் முப்பத்தாறும் கலங்கல். ஒன்றில் மட்டும் வால் நுனி. தேதி மார்ச் முப்பது.

மறுநாள் காலை காசிமாயன் அண்ணன் இன்னொரு கேமராவோடு ஆரப்பாளையத்தில் ஒரு சாவுக்குக் கிளம்பினார். பாட்டிலைப் பார்த்தார். ஸ்டூடியோ சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். கூடவே கொண்டுவந்த பாசியை ஒரு கல்லில் கட்டி நிறுத்தினேன். கடல்குதிரையின் வாலைக் கறுப்பு நூலால் அதில் கட்டி, முடிச்சைப் பாசிக்குள் மறைத்தேன். அது ஆடவே இல்லை. ஒரே படம் போதுமாயிருந்தது.

பிரிண்ட் காய்ந்தபோது எல்லாம் சரியாக இருந்தது, கண்ணைத் தவிர. அது வெந்த மீனின் கண்போல வெளுத்திருந்தது.

கதவைச் சாத்தினேன். அண்ணனின் பிரஷ்ஷை எடுத்து, நுனியை நாக்கில் கூராக்கி, கறுப்பு வைத்தேன். அது காயும்வரை காத்திருந்து வெள்ளைப் புள்ளியை வைத்தேன்.

என்னையத்தான் பார்த்தது.

படத்தைக் கவிழ்த்து உறைக்குள் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினேன்.