மஞ்சள் வைக்காத கடிதம்

நாகப்பட்டினத்தில் பன்னிரண்டு வருஷம், கடல் தாண்டி வந்து பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டு வருஷம் என்று பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகும் ஜோசஃபின் டீச்சருக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில், பால்மரம் வெட்டும் பெண்கள் ஒன்பது பேர் அவரிடம் எழுதப் படித்தார்கள். ஊருக்குக் கடிதம் போட இன்னொருவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது டீச்சரின் கட்சி. அவர் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

1932இல், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான மாரியாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்த ஆத்தாளுக்குத் தன் கையாலேயே எழுதினாள். ஒரு பக்கம் நிரப்ப இரண்டு ஞாயிறு ஆனது. முடித்ததும் முந்தானையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்தாள்.

“அது எதுக்கு?”

“நாலு மூலையிலயும் தடவணும் டீச்சர். நல்ல சேதியாச்சே! பாசார்ல கடிதாசி எழுதிக் குடுக்கிற அண்ணாமலை அண்ணே தடவாம அனுப்பவே மாட்டாரு.”

“அதான் கொட்டை எழுத்துல எழுதியிருக்கியே, படிச்சா தெரியாதா? தாளை அழுக்காக்காதே.”

மாரியாயி மஞ்சளை மறுபடி முடிந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, அவள் புருஷன் பாலன் பேருக்கு ஊரிலிருந்து அவளுடைய மாமன், ஆத்தாளின் தம்பி, எழுதிய கடிதம் வந்தது. பாலனுக்குப் படிக்கத் தெரியாது. மாரியாயி அதை வகுப்புக்குக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘மஞ்சள் இல்லாமல், முன்பின் தெரியாத கையெழுத்தில் கடிதம் வந்தது. நீங்கள் ஆள்வைத்து எழுதிய துக்கச் சேதி வீட்டுக்குள் வரக் கூடாதென்று அக்காள் வாசலிலேயே கிழித்துப் போட்டாள். மாரியாயிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டோம். அக்காள் சோறு தொடுவதில்லை. பிள்ளை என்ன வந்து செத்தாள் என்றாவது எழுதவும்.’

தன் கருமாதியைத் தானே படித்த மாரியாயி முதலில் சிரித்தாள். பிறகு, “ஆத்தா சாப்பிடலையாமே” என்று ஓவென்று அழுதாள்.

முப்பது வருஷமாக எழுத்து எழுத்து என்று தொண்டை கிழியக் கத்திய டீச்சர், எழுத்தறியாத ஒரு தாயை மறந்தே போனார். தந்தி கொடுக்கலாமென்றால், தந்தியைக் கண்டதுமே கிழவி உயிரை விட்டுவிடுவாள்.

“தப்பு என்னோடதுதான் மாரியாயி. அந்த மஞ்சளைக் கொடு” என்றார்.

மாரியாயி இரண்டே வரி எழுதினாள்: ‘ஆத்தா, நான் சாகவில்லை. உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள்.’ டீச்சர் மஞ்சளைத் தரையில் உரசித் தாளுக்கும் உறைக்கும் தாமே தடவினார். ரயிலில் திரும்பும்போதும் விரல் மஞ்சளாகவே இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் கொட்டகையில் நுழைந்ததும், “வந்துச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. பாடத்தில் அவருக்கே மனம் ஒட்டவில்லை. கிழவி பட்டினியிலேயே போய்ச் சேர்ந்திருந்தால் என்ன செய்வது?

ஒன்பதாவது ஞாயிறு மாரியாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். உறைமேல் மாமன் எழுதிய விலாசம். உள்ளே ஒரு தாள். நாலு மூலையிலும் கைரேகை தெரிய அப்பிய மஞ்சள். நடுவில் ஓர் எழுத்துகூட இல்லை.

“படிங்க டீச்சர்” என்று நீட்டினாள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வெறுந்தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

“ஆத்தா சாப்பிட்டுட்டாங்க” என்றார்.