ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பதில்

பிரஸ்டன் ஹால்டேனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு நாள் என்பதே தெரியாது. எங்கள் பள்ளிப் பேருந்து கம்பெனியை மினியாபொலிஸ்காரர்கள் வாங்கியதும் எங்களுக்கு மேலாளராக வந்தவர். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிறன்று மின்னஞ்சலாகக் கொட்டுவார். எல்லாமே "ஒரு சின்ன விஷயம்" என்றுதான் தொடங்கும்.

எந்தப் பேருந்து எந்தத் தெருவுக்கு என்று பிரித்துவிடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். என் கணவர் ஆர்விட் பக்கவாதம் வந்து பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவருடைய வைத்தியக் காப்பீடு என் வேலையை நம்பித்தான் இருக்கிறது. ஞாயிறு ஒரு நாள் மட்டும் அவரை வெளியே கூட்டிப்போக விடுவார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் இருக்கும் எங்கள் மீன்பிடிக் குடிலுக்குப் போவோம். பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை அவருடைய நல்ல கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு தூண்டில் இழுத்தது. அதே நேரம் என் போனும் சிணுங்கியது. பேருந்து கராஜில், சாலையில் தடுப்புக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகள் எத்தனை இருக்கின்றன என்று பிரஸ்டன் கேட்டிருந்தார். பதினான்கு என்று தட்டிக்கொண்டிருந்தபோது, "லோர்னா" என்று ஒரு குரல் கேட்டது. ஏழு மாதத்தில் ஆர்விட் பேசிய முதல் சொல். நான் நிமிர்வதற்குள் வாய் மூடிவிட்டது. எவ்வளவு கெஞ்சியும் திரும்பச் சொல்லவில்லை. என் புருஷன் என் பெயரைச் சொன்ன நேரத்தில் நான் கூம்பு எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த ஆத்திரத்துக்குப் போனை அந்தத் துளையிலேயே போட்டிருப்பேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தேன். பிரஸ்டனிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் மட்டும் தானாகவே பதில் போகும். வேறு யார் எழுதினாலும் போகாது. சனிக்கிழமை சாயங்காலம் அதை முடுக்கிவிடுவேன், திங்கள் காலை நிறுத்துவேன். பதில் இதுதான்: "இன்று ஞாயிறு. என் கணவருடன் ஏரியில் இருக்கிறேன். திங்கள் காலை ஐந்து மணிக்குப் படிப்பேன். பேருந்து கவிழ்ந்திருந்தால் பராமரிப்பு இல்லத்துக்குப் போன் செய்யுங்கள், அவர்கள் ஏரிக்கு ஆள் அனுப்புவார்கள். லோர்னா."

மூன்று ஞாயிறு நிம்மதியாகப் போயின. ஓட்டுநர் ரெனே இதைக் கேள்விப்பட்டு, "எனக்கும் குடுடி" என்றாள். கொடுத்தேன். அவள் இன்னொருவருக்குக் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் சமையல் குறிப்பு வாங்கினால் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொள்வோம், அடியில் இருக்கும் பெயர் உட்பட. பெயரை எடுத்துவிட்டால் அது திருட்டு. தேவாலய விருந்தில் செத்துப்போன பெண்களின் பெயரில்கூட இன்னும் கேக் வருகிறது. என் பதிலையும் அந்த மரியாதையோடுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவிகள்.

அடுத்த ஞாயிறு பிரஸ்டன் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சின்ன விஷயம் எழுதினார். நொடியில் ஒன்பது பதில்கள். ஒன்பது பேரும் கணவருடன் ஏரியில். ஒன்பது பேரும் லோர்னா. மார்பு வரை தாடி வைத்த மெக்கானிக் டுவேனும் லோர்னாதான்.

திங்களன்று பிரஸ்டன் மினியாபொலிஸிலிருந்து மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்துவிட்டார். எல்லோரையும் கராஜில் நிற்கவைத்தார்.

"யாரோட வேலை இது, லோர்னா?"

"அடியிலதான் பேர் இருக்கே."

"எனக்கு எதிரா ஆள் சேர்க்குறீங்களா? இன்னிக்குள்ள எல்லாரும் அதை எடுக்கணும். நீங்க முதல்ல. உங்க வீட்டுக்காரரோட காப்பீட்டை நினைச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

எனக்குப் பயம்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆர்விட் என் பெயரைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்காமல் விட்டது நினைவுக்கு வந்ததும் பயம் போய்விட்டது.

"தினமும் அதைத்தான் நினைக்குறேன். அதனாலதான் ஆறு நாள் விடியறதுக்கு முன்னாடி வந்து நிக்கறேன். ஏழாவது நாள் உங்களுது இல்ல, ஆர்விடோடது. எடுக்கமாட்டேன். நீங்க ஞாயித்துக்கிழமை எழுதலேன்னா அதுக்கு வேலையே கிடையாது. நிறுத்துற சாவி உங்க கையிலதான் இருக்கு."

"அப்ப வேலை வேணாம்னு எடுத்துக்கலாமா?"

டுவேன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.

"சார், எனக்கும் அதே பதில்தான். என் புருஷனை விட்டுட்டு வர முடியாது."

ரெனே வெடித்துச் சிரித்தாள். "எம் புருஷனையுந்தான்!" என்றான் இன்னொருவன். ஒன்பது பேரும் போனால் நாளைக் காலை எந்தப் பிள்ளையும் பள்ளிக்குப் போகாது என்று பிரஸ்டனுக்கும் தெரியும். முகம் சிவந்து, "அப்புறம் பேசலாம்" என்று காரைத் திருப்பினார். அந்த அப்புறம் எப்போது வருமோ எனக்குத் தெரியாது.

"ஏன்டா, புருஷன்ங்கறதையாவது மாத்தியிருக்கக் கூடாதா?" என்று டுவேனைக் கேட்டேன்.

"உன் குறிப்புல நான் எப்படிக் கை வைக்கறது?" என்றான்.

அடுத்த ஞாயிறு போனை வண்டியிலேயே பூட்டிவிட்டுக் குடிலுக்குள் போனேன். இரண்டு மணிக்கு ஆர்விடின் தூண்டில் இழுத்தது. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மீனை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இருட்டும்வரை.