வலிக்காத இடம்

காலை ஐந்து மணிக்கு டிரைவர் தன் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை மீட்டர் பட்டையில் வைத்தார். இருநூற்று எழுபத்தாறு.

"ராத்திரி என்ன தின்னீங்க?" என்றாள் மனைவி.

"தண்ணி குடிச்சேன். அதுவும் குத்தமா?"

அவள் நம்பவில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தொழில் செய்கிறவள். பிஸ்கட் டப்பாவை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டிப் பத்து நாளாகிறது. இரவில் போடும் இன்சுலினை டாக்டர் இருபது யூனிட்டிலிருந்து இருபத்தெட்டாக உயர்த்தியும் பார்த்துவிட்டார். காலைச் சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

மூன்று வாரத்தில் டெப்போவில் உடல் தகுதிப் பரிசோதனை. இப்படியே போனால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். பயத்தில் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிக்கொண்டார்.

"அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எங்க ஒளிச்சு வெச்சுத் தின்றீங்க?" என்றார் கண்டக்டர். அதற்கப்புறம் இரண்டு டிரிப்புக்கு டிரைவர் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி தான் தைத்த புது யூனிஃபார்ம் பேன்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். இடுப்புப் பட்டி தொப்புளுக்கு இடப்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் தூக்கியது.

"ஏங்க, நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறேன். உன் கத்தரி கோணல்."

இருபது வருடத்தில் அவள் கத்தரியை யாரும் கோணல் என்று சொன்னதில்லை. டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு துணியை விலக்கினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் மெல்லத் தடவினாள். வலப்பக்கம் தோல் மெத்தென்று வழுக்கியது. இடப்பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இங்க உள்ளுக்குள்ள பஞ்சு வெச்சுத் தைச்ச மாதிரி இருக்கே. ஊசி எங்க போடுறீங்க?"

"அங்கதான். நாலு வருஷமா அதே இடம். வலிக்கவே வலிக்காது."

அவள் அந்த இடத்தை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். "ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தைச்சா துணியே தடிச்சுப் போகும். அப்புறம் ஊசி இறங்கினாலும் நூல் பிடிக்காது."

மறுநாள் கிளினிக்கில் நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "கரெக்ட்டா கண்டுபிடிச்சிருக்கீங்க. மரத்துப்போன கட்டி, அதான் வலிக்கலை. மருந்து ரத்தத்துல சரியாச் சேரவே இல்லை."

இனி தினமும் இடம் மாற்ற வேண்டும், கட்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுதாக வேலை செய்யும், பழைய அளவு சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி ஆளைக் கவிழ்த்துவிடும் என்று யூனிட்டையும் குறைத்தார்.

அன்று மாலை டிராயரின் பூட்டைக் கழற்றினாள். "சந்தேகப்பட்டது என் தப்புங்க."

"எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எழுந்து தின்றேனோன்னு" என்றார் அவர்.

முதல் வாரம் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தாள். சர்க்கரை ரொம்ப இறங்கிவிடவில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே படுத்தாள். ஏழு மணிக்குக் கடையிலிருந்து துணி வந்துவிடும். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. காலைக் கணக்கு இருநூறானது, பிறகு நூற்று அறுபது. பரிசோதனை நாளன்று நூற்று இருபத்தெட்டு. டெப்போ டாக்டர் ரிப்போர்ட்டுகளை இரண்டு முறை புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு கதவு தட்டப்பட்டது. கண்டக்டர். பின்னால் மூன்று டிரைவர்கள்.

"அண்ணி, இவங்களும் இன்சுலின் போடுறவங்க. வயித்தைக் கொஞ்சம் பாருங்களேன்."

"நான் தையல்காரிங்க. டாக்டர் இல்லை."

"டாக்டரே எங்களை நம்ப மாட்டேங்கிறாரே" என்றார் மூவரில் ஒருவர்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"கிளினிக் நாளைக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும். நர்ஸம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றபடி செருப்பைக் கழற்றச் சொல்லி நால்வரையும் உள்ளே அழைத்தாள். "அதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா சொல்லுங்க. வலிக்காத இடம் எது?"