இருபத்துமூன்றாவது கோப்பு

பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காகப் பெற்றோர் இழுத்துவந்த பெண்களுக்கு அந்த மனநல மருத்துவமனை மின்சாரம் பாய்ச்சிச் சிகிச்சை கொடுத்திருந்தது. பழைய கோப்புகள் எல்லாவற்றிலும் கடைசி வரி, 'குணமாகிவிட்டது.' அந்தச் சிகிச்சையை ஆராய்ந்துகொண்டிருந்த அவள் ஒவ்வொரு கோப்பிலும் இருந்த வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். இருபத்துமூன்றாவது கோப்பு அவளுடையதேதான். வீட்டைவிட்டு ஓடிவந்து, முட்டிமோதிப் படித்து முனைவர் ஆனவள்; தனக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அப்பாதான் எடுத்தார். பதினாறு வருடமாகப் பேச்சே இல்லாததால் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்காங்க?"

"அதெல்லாம் அப்பவே சரியாயிடுச்சும்மா. கல்யாணமாகி ரெண்டு குழந்தைங்க."

சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அந்தச் சிகிச்சைக்குத் தடை கேட்டு விசாரணைக் குழுவிடம் அறிக்கையைக் கொடுத்தபோது, தலைவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"பெத்த அப்பாவே சரியாயிடுச்சுன்னு சொல்றாரே. அவர் எதுக்கும்மா பொய் சொல்லப் போறாரு?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும் சார். அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்குன்னு அன்னைக்கு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்."