பதினேழாவது வீட்டுச் சோறு

லாவோஸ் மலைகளிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய எங்கள் ஹ்மாங் ஆட்கள் தேர்தலில் நிற்பதென்றால் கொள்கை வேண்டும், பேச்சு வேண்டும், துண்டறிக்கை வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னால் வயிறு வேண்டும். என் அண்ணன் மகள் கஷியாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். செயின்ட் பால் நகர மன்றத்துக்கு நின்று, ஒன்பது ஓட்டில் தோற்றாள்.

அவளுடைய ஆலோசகர் டெரிக், ஒரு வாசலுக்கு மூன்று நிமிடம்தான் என்று விதித்திருந்தார். கஷியாவின் கணவன் குலத்தில் மூத்தவள் யேர். அவள் கதவைத் திறந்ததும் "வாம்மா, சாப்பிடு" என்றிருக்கிறாள். இவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரமில்ல அத்தை, இன்னொரு நாள்" என்று திரும்பிவிட்டாள். சோறு வேண்டாமென்று போனவளுக்கு எங்களில் யார் ஓட்டுப் போடுவார்கள்? யேர் வீட்டில் ஒன்பது ஓட்டு. தேர்தலன்று ஒன்பது பேரும் வாசலைத் தாண்டாமல் முட்டைச் சுருள் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தேர்தலில் கஷியா என்னைத் தேடி வந்தாள்.

"சித்தப்பா, இதுதான் கடைசி. தோத்தா இனிமே நிக்க மாட்டேன். கூட வாங்க. நான் பேசுறேன், நீங்க சாப்பிடுங்க."

"டெரிக் என்ன சொல்றாரு?"

"அவரும் சாப்பிட்டுப் பாத்தாரு, ஆறாவது வீட்டுலயே படுத்துட்டாரு."

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். அவள் பேசினாள், நான் சாப்பிட்டேன். ஒன்பதாவது வீட்டில் என் பெல்ட் அறுந்தது. பதிமூன்றாவது வீட்டிலிருந்து வந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பிவிட்டன. துண்டறிக்கைப் பெட்டிகளை முன்னால் ஏற்றிய பிறகுதான் கார் நகர்ந்தது. தபால்காரர் பார்த்தார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினேழாவது, யேரின் வீடு.

"இன்னிக்காவது நேரம் இருக்கா?" என்றாள் யேர்.

"நீங்க போகச் சொல்ற வரைக்கும் இருக்கு, அத்தை."

கடுகுக் கீரை போட்டு வேகவைத்த பன்றிக்கறி, இடித்த மிளகாய், ஆவி பறக்கும் சோறு. வழக்கம்போல் நான் தட்டை இழுத்தேன். யேர் கரண்டியால் என் கையில் ஒன்று வைத்தாள்.

"நீ தள்ளி உக்காரு, கெழவா. ஓட்டு கேக்குறது நீயா, அவளா?"

பதினாறு வீடுகளில் வாய் ஓயாமல் பேசிய கஷியா அதுவரை ஒரு பருக்கைகூடத் தொட்டிருக்கவில்லை. அந்தப் பசியில் இங்கே மூன்று தட்டு சாப்பிட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். யேர் அவள் பக்கத்தில் நின்று துடைத்தாள்.

"பஸ் நிக்கிற எடத்துல உக்கார ஒரு பெஞ்சு இல்ல. ஜெயிச்சா போடுவியா?"

"போடுறேன் அத்தை."

"போடலைன்னா உன் வீட்டு நாற்காலிய தூக்கிட்டுப் போய் போட்ருவேன்."

யேர் ஓட்டைப் பற்றிப் பேசவேயில்லை. மிச்சக் கறியை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான்.

கஷியா ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள்.

பெஞ்சும் வந்துவிட்டது. யேர் தினமும் அதில் உட்கார்ந்து, "எங்க வீட்டு ஒம்பது ஓட்டும், என் கறியும்தான் ஜெயிக்க வச்சுது" என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள். ஒன்பது ஓட்டு போன தடவையின் பள்ளத்தை நிரப்பத்தான் சரியாக இருந்திருக்கும். மிச்சமுள்ள அந்த ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். அவள் தோற்ற தேர்தலன்று நான் ஓட்டுப் போடப் போகாமல் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கஷியாவிடம் இன்னும் சொல்லவில்லை. யேர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, கறிதான்" என்று தலையாட்டுகிறேன். பெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, என்னையும் தாங்குகிறது.