பத்தாயிரம் பெற்ற ரோஜாக் குச்சி

"பன்னிரண்டே நாள்! என் வீட்டுல இருந்த ஒரு ரோஜாக் குச்சி பத்தாயிரம் பிள்ளை பெத்துச்சு!"

ஊர்ச் சபையில் கல்ஃபான் இப்படி அறிவித்ததும் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. முப்பது வருஷம் ஜபல் அக்தர் மலையில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் கல்ஃபான். லாரி ஒருமுறை தூக்கத்திலேயே மலையேறியது என்று சத்தியம் செய்தவர். எல்லோரும் சுலைமைப் பார்த்தார்கள். கல்ஃபானின் தங்கை கணவர். விடிந்துவிட்டது என்று மச்சான் சொன்னால்கூட சன்னலைத் திறந்து சரிபார்ப்பவர்.

சுலைம் பேரீச்சங்கொட்டையை விரலில் உருட்டினார்.

அவர் மகள் ரயாவுக்கு நிச்சயமான மறுநாள் வந்த குச்சி அது. சம்பந்தி முஹன்னா ஆறு ரோஜாக் குச்சிகளை இலையும் மொட்டுமாக, தன் தோட்டத்து ஈர மண்ணோடு, புதுத் துண்டில் சுற்றி அனுப்பியிருந்தார். வெறுங்குச்சி கொடுப்பது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு. வாங்கியவர் அன்றே நடாவிட்டால் அதைவிடக் குறைவு. சுலைம் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். நாலு அடுக்கு நிலத்தில் அறுபது ரோஜாச் செடிகள். அதில் காய்ச்சும் பன்னீர்தான் அவர் வீட்டுச் சோறு, ரயாவின் கல்யாணச் செலவும் அதுதான்.

கல்ஃபான் குறுக்கே வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, இலையை உருவு. மண்ணைக் கழுவு. சோப்புத் தண்ணியில முக்கு. அப்புறம் தோட்டத்துப் பக்கமே காட்டாம நாப்பது நாள் தனியா வை. பிள்ளை பெத்தவளை வைக்கிறோமில்ல, அப்படி."

"குச்சிக்குப் பிரசவமா? உமக்கு வெயில் தலைக்கேறிடுச்சு மச்சான்."

"குச்சிக்கில்ல. அதுல ஒளிஞ்சிருக்கிற பூச்சிக்கு."

"சம்பந்தி வந்தா என்ன சொல்லுவேன்? உங்க சீரை மொட்டையடிச்சு ஜெயில்ல போட்டேன்னா?"

தங்கை அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டதால் குச்சிகள் கல்ஃபான் வீட்டு மாடியறைக்குப் போயின. ஐந்தை மழித்துக் கழுவித் தொட்டியில் ஊன்றி, மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். ஆறாவதை மட்டும் சுலைம் தொடவிடவில்லை. சம்பந்தி கண்ணுக்கு ஒன்றாவது லட்சணமாக இருக்கட்டும்!

"இருக்கட்டும். ஆனா இவளுக்குத் தனித் தொட்டி, தனித் துணி," என்றார் கல்ஃபான்.

பன்னிரண்டாம் நாள் முஹன்னா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"எங்க குச்சி எந்த அடுக்குல இருக்கு?"

சுலைம் அவரைக் கல்ஃபான் வீட்டு மாடிக்கு அழைத்துப் போனார். கல்ஃபானும் பின்னாலேயே ஏறினார். ஐந்து மொட்டைகளைக் கண்டதும் முஹன்னாவின் முகம் கறுத்தது.

"இதோ, இது நீங்க கொடுத்தபடியே இருக்கு," என்று சுலைம் அவசரமாக ஆறாவது துணியைத் தூக்கினார்.

தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

குச்சியைக் காணோம். இலையைக் காணோம். அவற்றை மூடிக்கொண்டு பச்சையாக ஏதோ நெளிந்தது. அசுவினிப் பூச்சி! இலைமேல் அசுவினி, அசுவினியின் முதுகில் அசுவினி. துணியின் உட்புறம் இறக்கை முளைத்த கூட்டம் வழி தேடி ஊர்ந்தது. பக்கத்தில் ஐந்து மொட்டைகளும் துடைத்துவைத்தாற்போல் துளிர்விட்டிருந்தன. அறுபது செடியும் மொட்டுவிடும் மாதம் என்பது நினைவுக்கு வர, சுலைம் துணியைச் சட்டென்று இறக்கிக் கட்டினார்.

முஹன்னா துணியை உற்றுப் பார்த்தார். "இது... எங்க வீட்டுலேர்ந்தா வந்துச்சு?"

"சேச்சே! என் வீட்டு அழுக்குல ஏறியிருக்கும்," என்று கல்ஃபான் கூசாமல் புளுகியபடி, தொட்டி, துணி, குச்சி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினார்.

முஹன்னா தலையை ஆட்டினார். "நான் கொடுத்ததுதான். இனிமே யாருக்குக் கொடுத்தாலும் மொட்டையாவே கொடுக்கிறேன்."

அதற்கப்புறம் நாற்பது நாள் முடிந்து ஐந்தும் மூன்றாம் அடுக்கில் இறங்கின. அந்த வருஷப் பன்னீரும் குறையவில்லை.

"என்ன சுலைம், உங்க மச்சான் அளக்குறதுக்கு ஒரு அளவே இல்லையா?" என்று இப்போது சபையில் ஒருவர் சீண்டினார்.

சுலைம் கொட்டையைத் தட்டில் வைத்தார்.

"யாரு கொடுத்த குச்சின்னு மட்டும் கேக்காதீங்க. மத்தபடி நடந்தது நிஜம். என் கண்ணால பார்த்தேன்." ஒரு மிடறு காப்பி குடித்தார். "பத்தாயிரம்கிறதுதான் கொஞ்சம் குறைச்சலாச் சொல்றாரு."